ரீஸ்டார்ட்டில் போகும் கோளாறும் போகாத கோளாறும்

கணினி மெதுவாக ஓடுகிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "ஃபார்மட் பண்ணி ஓஎஸ் புதுசா போட்டுடலாம் சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. போட்டால் வேகமெடுக்கும், உண்மைதான். ஆனால் பிரிண்டர் மென்பொருள் முதல் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் வரை எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். நகலெடுக்க மறந்த படங்கள் போனது போனதுதான். விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டுக் கணினிகளின் அன்றாடத் தொல்லைகள் பலவற்றுக்கு இவ்வளவு பெரிய வைத்தியம் வேண்டியதில்லை. கோளாறு நினைவகத்தில் இருக்கிறதா, டிஸ்க்கில் இருக்கிறதா, செட்டிங்கில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் நினைவகம். தினமும் இரவு ஷட்டவுன் செய்யும் கணினியில், வைஃபை பிடிக்காத கோளாறு மறுநாள் காலையிலும் அப்படியே நிற்பது ஏன்? 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' காரணமாக இருக்கலாம். இது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், நாம் திறந்து வைத்த நிரல்கள் மட்டுமே முழுதாக மூடப்படும். இயங்குதளத்தின் கருவும் டிரைவர்களும் நினைவகத்தில் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதப்பட்டு, காலையில் அப்படியே திரும்ப ஏற்றப்படும். கணினி சீக்கிரம் எழுந்துகொள்ளும். சிக்கிக்கொண்ட டிரைவரும் கூடவே எழுந்துவிடும். ரீஸ்டார்ட் இந்தக் குறுக்குவழியில் போவதில்லை. எல்லாவற்றையும் அடியிலிருந்து புதிதாக ஏற்றுகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சிபியூவைத் தொட்டால், கீழே 'அப் டைம்' என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். இரவுதோறும் அணைத்த கணினியில்கூட அது பல நாள் கணக்கைக் காட்டக்கூடும். ரீஸ்டார்ட் செய்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஷிஃப்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணையும்.

டாஸ்க் மேனேஜரை எழுதியவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளராக இருந்த டேவ் பிளம்மர். 1996இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 4.0 உடன் அது வந்தது. கணினியை ஆன் செய்ததும் நம்மைக் கேட்காமல் தாமாக ஓடத் தொடங்கும் நிரல்களின் பட்டியலையும் இன்று அதிலேயே, 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியில் பார்க்கலாம். அரட்டைச் செயலி, விளையாட்டு ஏற்றி, என்றோ நிறுவிய மென்பொருளின் அப்டேட் கருவி என்று அங்கே ஒரு கூட்டமே இருக்கும். வேண்டாததை 'டிசேபிள்' செய்தால் அந்த நிரல் அழிந்துவிடாது, கூப்பிடும்போது வரும். ஆன்டிவைரஸையும் டச்பேட், ஒலி சார்ந்தவற்றையும் மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அடுத்தது டிஸ்க்கில் குடியிருக்கும் கோளாறு. பிரிண்டர் வரிசையில் ஓர் ஆவணம் சிக்கிக்கொண்டு, 'டெலிட்டிங்' என்று காட்டியபடியே மணிக்கணக்கில் நிற்கும். இங்கே ரீஸ்டார்ட் பெரும்பாலும் பலிக்காது. பிரிண்டரின் வேகம் கணினியை விட மிகக் குறைவு என்பதால், 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற சேவை ஒவ்வொரு ஆவணத்தையும் முதலில் டிஸ்க்கில் கோப்பாக எழுதி வைத்து, ஒவ்வொன்றாக அனுப்புகிறது. முதல் கோப்பு கெட்டுப்போனால் பின்னால் உள்ளவை எல்லாம் காத்துக் கிடக்கும். கணினியை அணைத்தாலும் டிஸ்க்கில் உள்ள கோப்பு போகாது.

'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து பிரிண்ட் ஸ்பூலரை 'ஸ்டாப்' செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஃபோல்டர்களுக்குள் வரிசையாகப் போனால் அந்தக் கோப்புகள் தென்படும். உள்ளே இருப்பவற்றை மட்டும் நீக்குங்கள், ஃபோல்டரை அல்ல. பிறகு ஸ்பூலரை 'ஸ்டார்ட்' செய்துவிட்டு, அச்சிட வேண்டியதைப் புதிதாக அனுப்பலாம்.

மூன்றாவது வகை, கோளாறே அல்ல, செட்டிங். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் தோன்றும் 'ஸ்டிக்கி கீஸ்', இரண்டு பொத்தான்களைச் சேர்ந்தாற்போல் அழுத்த முடியாதவர்களுக்காக உருவான வசதி. வீட்டில் யாருக்கும் அது தேவையில்லை என்றால் 'ஆக்சஸிபிலிட்டி' (விண்டோஸ் 10இல் 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்') பகுதியில் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடலாம். தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றித் தட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்டும் தவறிச் சேர்ந்து அழுத்தப்பட்டால் மொழி மாறிவிடும், வாக்கியம் பாதியில் குழம்பும். விண்டோஸ் பொத்தானுடன் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் பழைய மொழி திரும்பும். வேலை நடுவே அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆவதைத் தவிர்க்க, 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற இடத்தில் அதிகபட்சம் 18 மணி நேரம் வரை ஒதுக்கி வைக்கலாம்.

இவை எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகும் கணினி திணறினால் கடைக்குக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, கோப்புகள் திறக்க மறுத்தாலோ இந்த வைத்தியம் எதையும் தொடங்காதீர்கள். படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுப்பதுதான் அப்போது முதல் வேலை.