மாவும் காணியும்

வட்டிக்கும் கழிவுக்கும் கூட்டு வியாபாரப் பங்குக்கும் உரிய சூத்திரங்களைத் தடையின்றி ஒப்புவிக்கும் வணிகவியல் மாணவரிடம், 1/20 என்ற பின்னத்தோடு 1/80 என்பதைக் கூட்டச் சொன்னால், தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் சேர்த்து 2/100 என்று சிறிதும் சஞ்சலமின்றி எழுதிவிடுகிறவர் உண்டு. முதற் பின்னமே நூற்றில் ஐந்தாக இருக்க, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்த பிறகு தொகை நூற்றில் இரண்டாகக் குறைவது எப்படி என்ற கேள்வி அவருக்கு எழுவதில்லை.

அந்தக் கணக்குக்கு விடை தமிழில் ஒரு பெயராகவே இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த சிறுவர்களுக்கு 1/20 என்பது மா. 1/80 என்பது காணி. இரண்டும் சேர்ந்தது மாகாணி. வீசம் என்று வியாபாரிகள் வழங்கியதும் அதுவே. அதன் மதிப்பு 1/16. மா ஒன்றுக்குக் காணி நான்காகையால், நான்கோடு ஒன்று சேர்ந்து ஐந்து காணி ஆகிறது. 80-இல் 5 என்பது 16-இல் 1 தானே? பகுதிகளைச் சமமாக்குதல் என்று பாடப்புத்தகம் பயமுறுத்துகிற காரியம் இவ்வளவுதான்: மாவைக் காணியாக மாற்றிக்கொள்வது.

காணியிலும் கால் பங்கான முந்திரி என்பது 1/320. கால் என்பது 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4 என்று எல்லாம் மீதமின்றி அதில் அடங்கிவிடுகின்றன. ஆயினும் மூன்று பேர் சமமாகப் பங்கிட வந்தால் முந்திரியும் கைவிட்டுவிடும். ஆளுக்கு 106 போக 2 நிற்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்றிருந்த காலத்தில், ஒரு ரூபாயை மூவருக்கும் ஐந்தணா நாலு பையாகப் பிசகின்றிப் பங்கிட முடிந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயாபைசா வந்தபோதோ, ஆளுக்கு 33 போக ஒரு காசு அநாதையாக நின்றது. தசம முறையின் சௌகரியங்களை நான் மறுக்கவில்லை. 3-ஆல் வகுபடாத குற்றம் 100-க்கும் உண்டு என்பதைத்தான் சொல்கிறேன்.

கூட்டலைக் காட்டிலும் வியாபாரத்தில் மிகுதியாக ஏமாற்றுவது, பங்கு எதனுடைய பங்கு என்பதை மறந்துவிடுவது. 80 ரூபாய்க்கு வாங்கிய சரக்கை 100 ரூபாய்க்கு விற்றவனுடைய இலாபம், கொள்முதல் விலையில் கால் பங்கு; விற்ற விலையிலோ ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் சத்தியமே, ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை எழுதினால் பேரேடு கோணிப்போகும்.

அவ்வாறே, 1000 ரூபாய்ச் சேலைக்கு முதலில் கால் பங்கும், குறைந்த விலையில் மேற்கொண்டு ஐந்தில் ஒரு பங்கும் தள்ளுபடி என்று ஜவுளிக் கடையில் எழுதியிருந்தால், 1/4-ஐயும் 1/5-ஐயும் கூட்டி, 9/20 போக மீதம் 550 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறோம். இரண்டாவது தள்ளுபடி 1000-க்கு அன்று, 750-க்கே உரியது. 3/4-ஐ 4/5-ஆல் பெருக்கிப் பார்த்தால் 3/5. ஆகையால் வாசகர்கள் அந்தச் சேலைக்கு 600 ரூபாய் எடுத்துக்கொண்டு போவது நல்லது.