பலகையில் ஒட்டிய சம்பளப் பட்டியல்

மணலில் விளைந்த ஊர் – 6

1957 மார்ச் மாதம் அமெரிக்க வானொலிப் பொறியாளர் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் வில்லியம் ஷாக்லி. ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கட்டுரை டிரான்சிஸ்டரைப் பற்றியது இல்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை பார்க்கிறவர்கள் எவ்வளவு சாதிக்கிறார்கள், அதற்கு என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பதைப் பற்றியது.

யார் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள், எத்தனை காப்புரிமை பெற்றார்கள் என்று ஷாக்லி எண்ணிப் பார்த்தார். சிலர் மற்றவர்களைவிட ஐம்பது மடங்கு கூடுதலாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தது. ஓட்டத்திலோ பேச்சு வேகத்திலோ மனிதருக்கு மனிதர் இவ்வளவு வித்தியாசம் வராது. ஆராய்ச்சியில் மட்டும் ஏன்? அதற்கு அவர் ஒரு விடை வைத்திருந்தார். நல்ல கேள்வியைத் தேர்ந்தெடுப்பது, அதில் உழைப்பது, உருப்படியான முடிவு வந்தால் அடையாளம் காண்பது, எந்த இடத்தில் நிறுத்தி எழுத உட்கார வேண்டும் என்று அறிவது என எட்டுத் திறமைகள் இதற்கு வேண்டும். எட்டும் கூடுவதில்லை, ஒன்றையொன்று பெருக்குகின்றன. ஒவ்வொன்றிலும் பாதி பங்கு கூடுதலாக இருந்தால் போதும், மொத்தத்தில் ஒருவர் இன்னொருவரைப் போல் இருபத்தைந்து மடங்கு ஆகிவிடுவார்.

சம்பளம் அந்த வேகத்தில் ஏறுவதில்லை என்பதுதான் கட்டுரையின் குத்தல். 10 சதவீத ஊதிய உயர்வு வேண்டுமானால் ஒரு விஞ்ஞானி 30 முதல் 50 சதவீதம் வரை அதிகமாகச் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. கெட்டிக்காரர்கள் அரசு ஆய்வுக்கூடங்களில் தங்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றார் ஷாக்லி.

எட்டுத் திறமைகளில் ஒன்று, பிறர் சொல்லும் குறையைக் கேட்டுப் பயன்படுத்திக்கொள்வது. அதையும் அவரேதான் பட்டியலில் எழுதியிருந்தார்.

கட்டுரை அச்சில் வந்த அதே மாதங்களில் அவருடைய சொந்த ஆராய்ச்சிக்கூடத்தில் புகைந்துகொண்டிருந்தது. செப்டம்பரில், அங்கிருந்த மிகச் சிறந்த எட்டுப் பேர் ஒரே நாளில் வேலையை விட்டார்கள்.

பெல் ஆய்வகத்தை ஷாக்லி ஏன் விட்டார் என்று சென்ற வாரம் பார்த்தோம். தனக்கு உரிய பதவியும் பணமும் அங்கே கிடைக்கவில்லை என்பது அவருடைய ஆற்றாமை. ஆக, அவரும் சம்பளத்திலும் நிர்வாகத்திலும் மனக்குறையோடு வெளியே வந்த ஊழியர்தான். 1955இல் அவருக்குக் கைகொடுத்தவர் ஆர்னால்டு பெக்மன். அமில அளவைக் காட்டும் பிஹெச் மீட்டரை உருவாக்கி, அதை வைத்து ஒரு கம்பெனியை வளர்த்தவர். அவருடைய தலைமையகம் தெற்குக் கலிஃபோர்னியாவில் இருந்தது. ஷாக்லியின் தாயார் குடியிருந்தது வடக்கே, பாலோ ஆல்ட்டோவில். எனவே கூடமும் அதை ஒட்டிய மவுன்டன் வியூவில், 391 சான் அன்டோனியோ சாலையில், பழத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சாதாரணக் கொட்டகையில் அமைந்தது. 1956 தொடக்கத்தில் ஆள் எடுப்பு ஆரம்பித்தது.

ஆள் எடுப்பதில் ஷாக்லியை மிஞ்ச ஆள் இல்லை. ஃபில்கோ கம்பெனியில் இருந்த ராபர்ட் நாய்ஸை ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். கடவுளே கூப்பிட்டது போல இருந்தது என்று பின்னாளில் நாய்ஸ் சொன்னார். கார்டன் மூர் அப்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்த வேதியியலாளர். தன் குழு வெளியிடும் கட்டுரைகளுக்கு வரிப்பணத்தில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் அவர். சொல்லுக்கு ஐந்து டாலர் வந்தது. மக்கள் கொடுக்கும் காசுக்கு இது தகுமா என்று அவருக்குச் சந்தேகம். இப்படிப்பட்ட ஆளைத்தான் ஷாக்லிக்குப் பிடிக்கும். ஸ்விட்சர்லாந்துக்காரர் ஜீன் ஹோர்னி இரண்டு முனைவர் பட்டங்களோடு வந்தார். எம்ஐடியிலிருந்து ஜே லாஸ்ட், டவ் கெமிக்கலிலிருந்து உலோகவியலாளர் ஷெல்டன் ராபர்ட்ஸ், வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கிலிருந்து யூஜின் கிளைனரும் ஜூலியஸ் பிளாங்கும், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து விக்டர் கிரினிச். எல்லோரும் முப்பதைச் சுற்றிய வயது.

வேலைக்கு வந்தவர்களை நியூயார்க்கில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு மனோதத்துவச் சோதனைக்கு அனுப்பினார் ஷாக்லி. நாய்ஸும் மூரும் தொழில்நுட்பத்தில் கெட்டி, ஆனால் நல்ல மேலாளர்களாக வரமாட்டார்கள் என்று முடிவு வந்ததாக மூர் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சோதனையை ஷாக்லியே எழுதியிருந்தால் அவருக்கு என்ன மதிப்பெண் வந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

1956 நவம்பர் 1 அன்று நோபல் அறிவிப்பு வந்தது. ஊழியர்களை டைனாஸ் ஷாக் என்ற உணவகத்துக்கு அழைத்துப்போய் ஷாம்பெயின் ஊற்றினார். அந்த விருந்தின் புகைப்படம் இன்றும் புத்தகங்களில் வருகிறது. எழுந்து நின்று கோப்பையை உயர்த்தும் இளைஞர்களைப் பார்த்தால், பத்து மாதத்தில் இவர்கள் போய்விடுவார்கள் என்று யாரும் நினைக்க முடியாது.

இனி அந்தச் சம்பளப் பட்டியலுக்கு வருவோம். கூடத்தில் இருந்த எல்லோருடைய சம்பளத்தையும் எழுதி ஷாக்லி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். யார் எவ்வளவு வாங்குகிறார் என்பது கமுக்கமாக இருக்கும் உலகில் இது அணுகுண்டு. ஏன் செய்தார்? எனக்குத் தோன்றுவது இதுதான்: அவரைப் பொறுத்தவரை சம்பளம் ஒரு அளவீடு. வெப்பமானி காட்டும் எண்ணை யாராவது மறைப்பார்களா?

சம்பளம் ஊருக்குத் தெரிவது தன்னளவில் குற்றமில்லை. நம் அரசு அலுவலகங்களில் எந்தப் பதவிக்கு எந்த ஊதிய நிலை என்று பியூன் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் ராஜினாமா செய்வதில்லை. அங்கே எண்ணுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது: இத்தனை வருடம், இந்தத் தேர்வு, இந்தப் படி. பிடிக்காவிட்டால் விதியைத் திட்டலாம். ஷாக்லியின் பலகையில் இருந்த எண்களுக்குப் பின்னால் இருந்தது ஒரு மனிதரின் அபிப்பிராயம். உன்னைவிட உன் பக்கத்து மேசைக்காரர் இவ்வளவு பெரியவர் என்று அவர் நினைப்பதைத் தினமும் சுவரில் படிக்க வேண்டியிருந்தது.

அந்த அபிப்பிராயமும் நிலையாக இருக்கவில்லை. ஊழியர் ஒரு சோதனை முடிவைக் கொண்டுவந்தால், அவர் கண்ணெதிரிலேயே பெல் ஆய்வகத்தில் இருந்த பழைய சகாவைத் தொலைபேசியில் அழைத்து, இது சரியா என்று கேட்பார். வேலையின் திசையும் மாறியது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்யத்தான் அத்தனை பேரும் வந்தார்கள். ஷாக்லிக்கோ தான் யோசித்து வைத்திருந்த நான்கு அடுக்கு டையோடு மீது மோகம் வந்துவிட்டது. செய்வதற்கு மிகக் கடினமான பொருள் அது. நம்பகமான சிலர் அதில் மறைவாக வேலை செய்தார்கள். மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. சம்பளம் பலகையில், வேலை ரகசியத்தில்!

ஒருநாள் ஒரு பெண் ஊழியர் கதவில் கை வைத்தபோது ஏதோ குத்தி ரத்தம் வந்தது. யாரோ வேண்டுமென்றே வைத்த சதி என்று ஷாக்லி முடிவு கட்டினார். ஊழியர்களுக்கு உண்மை கண்டறியும் சோதனை நடத்த வேண்டும் என்று கிளம்பினார். ராபர்ட்ஸ் அந்தப் பொருளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். தலை உடைந்துபோன போர்டு பின். அவ்வளவுதான்.

இந்தக் கதையைச் சொல்லும் பலரும் இங்கிருந்து நேராக ராஜினாமாவுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த இளைஞர்கள் போக விரும்பவில்லை. பலர் வீடு வாங்கியிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் வேலை செய்வது பிடித்திருந்தது. எனவே முறைப்படி மேலே முறையிட்டார்கள்.

1957 மே மாதம் பெக்மன் கூடத்துக்கு வந்து, செலவு கூடுகிறதே என்றார். பிடிக்காவிட்டால் இந்தக் குழுவைக் கூட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவேன் என்று எல்லோர் முன்னிலையிலும் ஷாக்லி வெடித்தார். குழுவை யாரும் கேட்கவில்லை. சில நாளில் மூர் பெக்மனுக்குத் தொலைபேசி போட்டார். ஷாக்லி கூப்பிட்டால் போக இங்கே ஆள் இல்லை, அந்த மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள் என்றார். பெக்மன் அவர்களோடு இரவு உணவுக்கு உட்கார்ந்தார், ஒருமுறை அல்ல, பலமுறை. ஷாக்லிக்கு ஒரு பேராசிரியர் பதவி வாங்கித் தந்து, அவரை ஆலோசகராக மட்டும் வைத்துக்கொண்டு, நிர்வாகத்தை வேறொருவரிடம் கொடுப்பது என்று பேச்சு கனிந்தது.

பிறகு பெக்மன் பின்வாங்கினார். நோபல் பரிசு பெற்றவரை அவமானப்படுத்தினால் அவர் வாழ்க்கையே பாழாகும் என்று வெளியில் இருந்து அறிவுரை வந்திருந்தது. இனியும் ஷாக்லிதான் தலைவர், அனுசரித்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். பெக்மன் கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டவர். ஆனால் தராசின் ஒரு தட்டில் உலகமறிந்த பெயர், மறு தட்டில் பெயர் தெரியாத பையன்கள். அவர் பெயரை நிறுத்துப் பார்த்தார். ஆராய்ச்சியை எடை போடத் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் தட்டு வேறு பக்கம் சாய்ந்திருக்கும்.

தலைவர் மேல் புகார் கொடுத்துவிட்டு அதே தலைவரிடம் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று சம்பளத்துக்கு உழைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் மாதம் கிளைனர் நியூயார்க்கில் தன் தந்தை கணக்கு வைத்திருந்த ஹேடன் ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அதில் அவர்கள் கேட்டது கம்பெனி தொடங்கப் பணம் இல்லை. எங்களை மொத்தமாக வேலைக்கு எடுத்துக்கொள்ளும் நல்ல முதலாளி யாராவது உண்டா என்பதுதான். கடிதம் ஆர்தர் ராக் என்ற இளைஞரின் கைக்குப் போனது. அவரும் மூத்தவர் பட் கோய்லும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பறந்து வந்து, நீங்களே சொந்தமாகத் தொடங்கலாமே என்றார்கள். அதுவரை அந்த எண்ணமே இவர்களுக்கு வரவில்லை.

அப்போது ஏழு பேர்தான் இருந்தார்கள். ஷாக்லிக்கு நெருக்கமான நாய்ஸ் தயங்கினார். ராபர்ட்ஸ் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார். கிளிஃப்ட் ஹோட்டலில் கூடியபோது ஒப்பந்தப் பத்திரம் எதுவும் தயாராக இல்லை. கோய்ல் பத்து ஒரு டாலர் நோட்டுகளை எடுத்து வைத்தார். பத்துப் பேரும் ஒவ்வொரு நோட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

ராக் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை அணுகினார், யாரும் அசையவில்லை. கடைசியில் விமானக் கேமராக்கள் செய்துவந்த ஷெர்மன் ஃபேர்சைல்டு சுமார் 14 லட்சம் டாலர் தர முன்வந்தார். ஆளுக்கு 500 டாலர் போட்டு, ஆளுக்கு 100 பங்கு எடுத்துக்கொண்டார்கள். விரும்பினால் 30 லட்சம் டாலருக்குக் கம்பெனி முழுவதையும் வாங்கிக்கொள்ளும் உரிமை ஃபேர்சைல்டிடம் இருந்தது. செப்டம்பர் 18 அன்று எட்டுப் பேரும் ராஜினாமா செய்தார்கள். ‘எட்டுத் துரோகிகள்’ என்ற பட்டம் அவர்களோடு ஒட்டிக்கொண்டது.

எதிரிலேயே கடை போட்டவர்களை ஏன் தடுக்க முடியவில்லை? கலிஃபோர்னியாவில் 1872 முதலே ஒரு சட்டம் இருக்கிறது. வேலையை விட்டவர் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று போடும் ஒப்பந்தம் அங்கே செல்லாது. சில மைல் தூரத்தில், பாலோ ஆல்ட்டோவில் சார்ல்ஸ்டன் சாலையில், ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் எழுந்தது. 1959இல் அங்கே ஹோர்னி கண்ட பிளேனார் முறையும் நாய்ஸ் வடிவமைத்த ஒருங்கிணைந்த மின்சுற்றும்தான் இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைபேசி வரை வந்திருக்கின்றன. ஷாக்லியின் கூடம் லாபம் பார்க்கவே இல்லை. 1960இல் பெக்மன் அதை விற்றுவிட்டார். ஷாக்லி பேராசிரியராகி, பிற்காலத்தில் கறுப்பின மக்களின் அறிவு பிறப்பிலேயே குறைவு என்று பேசித் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டார். மனிதரை எண்ணால் அடுக்கும் பழக்கம் அவரை அந்த எல்லை வரை கொண்டுபோனது.

1959இல் ஃபேர்சைல்டு தன் உரிமையைப் பயன்படுத்தியது. 500 டாலர் போட்ட ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகள் கிடைத்தன. மறுநாளிலிருந்து அவர்கள் மீண்டும் சம்பளக்காரர்கள்! முடிவெடுப்பவர்கள் இப்போது நியூயார்க்கில். லாபத்தை ஈட்டியது கலிஃபோர்னியா, அது போய்ச் சேர்ந்தது தாய்க் கம்பெனியின் வேறு முயற்சிகளுக்கு. எட்டுப் பேருக்குப் பின் வந்த பொறியாளர்களுக்குப் பங்கு கொடுக்க மேலிடத்துக்கு மனம் வரவில்லை. 1961இல் ஹோர்னி, லாஸ்ட், ராபர்ட்ஸ் மூவரும் போனார்கள். பின்னாலேயே கிளைனர். மின்சுற்று வடிவமைப்பில் மேதையான பாப் விட்லர் வேலையை விட்டபோது, ஏன் போகிறீர்கள் என்று கேட்கும் படிவத்தில் பணக்காரனாக வேண்டும் என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். 1967இல் உற்பத்தியைக் கவனித்துவந்த சார்லஸ் ஸ்போர்க் சிலரைக் கூட்டிக்கொண்டு நேஷனல் செமிகண்டக்டருக்குப் போனார்.

இவர்கள் எல்லோருக்கும் மேலாளராக இருந்தவர் நாய்ஸ். யாரையும் அவமானப்படுத்தாதவர், யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். ஷாக்லியிடம் பட்ட பாடு அவரை அப்படி ஆக்கியிருக்கலாம். ஆனால் பங்கு கொடுக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. மேலே பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1957இல் மூர் தொலைபேசியில் பெக்மனிடம் கேட்ட இடத்தில்தான் பத்து ஆண்டு கழித்து நாய்ஸ் நின்றார். 1968இல் தலைமைப் பதவி காலியானபோது, மேலிடம் அவரைத் தாண்டி வெளியில் ஆள் தேடியது. கோடையில் நாய்ஸும் மூரும் வெளியேறினார்கள். நாய்ஸ் முதலில் கூப்பிட்டது ஆர்தர் ராக்கை. இந்த முறை முப்பது கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. 25 லட்சம் டாலர் மளமளவென்று சேர்ந்தது. அப்படிப் பிறந்த இன்டெல், தன் பொறியாளர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே பங்கு கொடுத்தது ஏன், அதனால் என்ன சிக்கல்கள் வந்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)