எழுதிக் கொடுக்குமுன் எண்ணுக
முதிய அங்கத்தினர்களுக்குச் சில சட்டச் செய்திகள்

கை ஓய்ந்த காலத்தில் தாம் ஈட்டிய பொருளும் பெற்ற மக்களும் தம்மைக் காப்பார்கள் என்பது உழவருக்கும் நெசவாளருக்கும் வழிவழியாக வந்த நம்பிக்கை. கண் மங்கி, பாவில் அறுந்த இழையைப் பிணைக்க இயலாத நிலை வந்ததும், நெசவாளி தறியையும் வீட்டையும் மகனிடம் ஒப்படைக்கிறார். ஏர் பிடித்தவரும் தம் இரண்டு ஏக்கர் புன்செய்யை மக்கள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்கிறார். பெரும்பாலான இல்லங்களில் இந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. பொய்த்த இல்லங்களில் முதியோர் படும் துயரமோ சொல்லுந் தரமன்று. அத்தகையோருக்குச் சட்டம் அளிக்கும் துணை யாது, மொரப்பூர் வட்டாரத்தில் அதனை எங்கே நாடிப் பெறுவது என்பவற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் வட்டாரம் பெரிதும் மழையை நம்பி வாழ்வது. வானம் பொய்த்த ஆண்டுகளில் இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். மொரப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டையுடன் நிற்கும் இளைஞர்களைக் காணாத நாளில்லை. ஊரில் எஞ்சுபவர் முதியோரே. பிரிந்து செல்வது குற்றமன்று. பிரிந்தபின் மறப்பதே குற்றம்.

சட்டம் வளர்ந்த வரலாறு

பெற்றோரைப் பேணுதல் நெடுங்காலம் அறமாக மட்டுமே இருந்தது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஜீவனாம்சம் பெற வழி செய்ததேயன்றிப் பெற்றோரைக் கருதவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் அக்கடமையை மகனுக்கும் மகளுக்கும் விதித்தது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், மதவேறுபாடின்றி எல்லாப் பெற்றோரும் மாஜிஸ்திரேட்டிடம் ஜீவனாம்சம் கோரலாம் என்றது. மணமான மகளும் இக்கடமையினின்று விலக்கப்பட்டவள் அல்லள் என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் தெளிவுபடுத்தியது. நம் மக்கள் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூரிலும் 1995-இல் இத்தகைய தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

ஆயினும் கோர்ட்டுப் படியேறும் வலிமை எத்தனை முதியோருக்கு உண்டு? இக்குறையைப் போக்கவே, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம் மாநிலத்தில் இது 2008-இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கான விதிகள் 2009-இல் வகுக்கப்பட்டன.

யார் கோரலாம்? எங்கே கோருவது?

தம் சம்பாத்தியத்தாலோ சொத்தாலோ தம்மைப் பேணிக்கொள்ள இயலாத பெற்றோர் எவரும் கோரலாம். பெற்றோருக்கு வயது வரம்பில்லை. கடமைப்பட்டவர் மகன் மட்டுமல்லர். மகளும், வயது வந்த பேரனும் பேத்தியும் அடங்குவர். பிள்ளையில்லாத முதியவர் 60 வயது நிறைந்தபின், தம் சொத்தை அனுபவித்துவரும் உறவினரிடமோ அதற்கு வாரிசாகும் உறவினரிடமோ பராமரிப்புக் கேட்கலாம்.

மனுவை விசாரிப்பது பராமரிப்புத் தீர்ப்பாயம். நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியரே அதன் தலைவர். மொரப்பூர்ப் பகுதி மக்களுக்கு அரூர்க் கோட்டாட்சியர் அலுவலகம் உரிய இடமாகும். மகன் வெளியூரில் வாழ்கிறானே என்று மலைக்க வேண்டியதில்லை. முதியவர் தாம் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. எழுத்தறியாதவரும் படுக்கையில் கிடப்பவரும் தாம் நம்பும் வேறொருவரைக் கொண்டு மனுச் செய்விக்கலாம்.

தீர்ப்பாயம் முதலில் இருதரப்பையும் அழைத்துச் சமரசத்திற்கு முயலலாம். இணக்கம் ஏற்படின் அதுவே உத்தரவாகும். இன்றேல், நோட்டீசு சார்வான நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்ப்பளிக்க வேண்டும். தவிர்க்க இயலாக் காரணமிருப்பின் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். இடைக்காலத் தொகைக்கும் உத்தரவிட அதிகாரம் உண்டு. சட்டம் வகுத்துள்ள உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். உத்தரவை மீறுவோருக்கு ஒரு மாதம் வரை சிறை விதிக்க இடமுண்டு. உத்தரவின் நகல் இலவசம். அதில் குறை காணும் முதியவர் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பத்திரத்தில் இருக்கவேண்டிய ஒரு வரி

இனி நாம் கூறப்போவதே அங்கத்தினர்கள் எல்லாவற்றினும் மேலாக மனத்திற் கொள்ளவேண்டியது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் வழி காட்டுகிறது. உணவு, இருப்பிடம் முதலிய அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்திருக்க, பெற்றவர் அதை நிறைவேற்ற மறுப்பாராயின், அப்பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்தைக் கோரலாம்.

நிபந்தனை என்ற அச்சொல்லிலேதான் முதியோர் பலரின் விதி அடங்கியிருக்கிறது. 2022 டிசம்பரில் ஹரியானா மாநிலத்து வழக்கொன்றில், தாய் மக்களுக்கு விட்டுக்கொடுத்த நிலத்திற்கு அத்தகைய நிபந்தனை இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே 23-ஆம் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2025 ஜனவரியிலோ, மத்தியப் பிரதேசம் சத்தர்பூரைச் சேர்ந்த ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை அதே நீதிமன்றம் ரத்துச் செய்து, வீட்டின் அனுபோகத்தையும் அவரிடமே ஒப்படைக்க உத்தரவிட்டது. அங்கே, தன்னைப் பேணவேண்டும் என்ற பேச்சு எழுத்தில் இருந்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து வழக்கொன்றில், அன்பின் பொருட்டு எழுதப்படும் செட்டில்மெண்டில் பேணும் கடமை தானே அடங்கியுள்ளது எனக் கருதி, முதிய தாயின் பக்கம் நின்றது.

இத்தீர்ப்பு ஆறுதலளிப்பதே. எனினும் நீதிமன்றத்தின் கருணையை நம்பி இருப்பதினும், பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வது எளிது. ‘எங்கள் ஆயுட்காலம் வரை உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றை அளித்துப் பேணவேண்டும், தவறின் இப்பத்திரம் ரத்தாகும்’ என்னும் கருத்தமைந்த வாசகத்தைப் பத்திரம் எழுதுபவரிடம் சொல்லி எழுதச் செய்க. கையொப்பமிடுமுன் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்க. பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று நாணுதல் வேண்டா. நல்ல மகனுக்கு அவ்வரி சுமையன்று. மற்றவனுக்கு அது கடிவாளம்.

இயலுமாயின் செட்டில்மெண்டை விடுத்து உயில் எழுதுவதே நலம். உயிலை உயிருள்ளவரை மாற்றலாம். சொத்தும் கையை விட்டுப் போவதில்லை. பதிவான செட்டில்மெண்டு அங்ஙனமன்று.

இலவச சட்ட உதவி

சிவில் வழக்கு நடத்த வேண்டிவந்தால் வட்ட சட்டப்பணிகள் குழுவையும், தருமபுரியிலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் நாடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞரைப் பெற உரியவர்கள். ஏனையோருக்கு வருமான வரம்பு உண்டு. முதியோருக்கெனத் தனித்திட்டமும் 2016-இல் வகுக்கப்பட்டுள்ளது. சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணிலும், முதியோர் குறைகளுக்கு 14567 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

ஆதரவற்றோர்க்கு முதியோர் உதவித்தொகையும் உண்டு. நம் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய இத்தொகை, 2023-இல் 1,000 ரூபாயினின்று 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கு வட்டாட்சியர் அலுவலக வாயிலாக விண்ணப்பிக்க வேண்டும்.

சங்கத்தின் கடமை

முதியவரைத் தடுப்பது சட்டம் அறியாமை மட்டுமன்று. ‘சொந்த மகன்மேல் மனுக் கொடுப்பதா, ஊர் என்ன சொல்லும்’ என்ற கூச்சமே பெருந்தடை. இங்கேதான் கூட்டுறவு துணை நிற்க வேண்டும். முதிய அங்கத்தினர் அதிகாரமளித்தால் சக அங்கத்தினர் ஒருவர் அவருக்காக மனுச் செய்யச் சட்டமே இடம் தருகிறது. மகாசபைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சட்டப்பணிகள் குழுவினரை அழைத்து விளக்கச் செய்யலாம். மேற்கூறிய இரு எண்களையும் சங்க அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். செலவென்று கூற இவற்றில் யாதுமில்லை.

கடனுக்கும் நூலுக்கும் உரத்திற்கும் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நிற்கப் பழகியவர்கள் நாம். நம்முள் மூத்தோர் பசித்திருக்கும்போதும் அங்ஙனமே நிற்போமாக. பத்திர ஆபீசுக்குப் புறப்படும் அங்கத்தினர் எவரும், அதற்கு முன்னர் ஒருமுறை சங்கத்திற்கு வந்து கலந்து பேசிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.