அப்பம்மாவும் அலமாரி ஸ்டூடியோவும்

"அப்பா, எனக்கு ஒரு ஹோம் ஸ்டூடியோ வேணும்" என்று மகன் கேட்டபோது எனக்கு என் பழைய கீபோர்ட்தான் ஞாபகம் வந்தது. ஸ்காபரோவில் இரட்டை ஷிப்ட் செய்து என் அப்பா வாங்கித் தந்தது. மூன்று மாதத்தில் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

மகனுக்கு வயது 14. மிருதங்கம் பழகுகிறான். அப்பம்மாவின் தாலாட்டைப் பதிந்து, அதற்கு பீற் போட்டு ஒரு பாட்டுச் செய்வதுதான் அவனுடைய திட்டம். கடையில் காட்டிய விலை கூடிய கண்டென்சர் மைக்கை வாங்கி பேஸ்மென்ற்றில் பூட்டினோம். அம்மாவுக்கு 82 வயது. மூச்சுப் பிடித்துப் பாடி முடித்தா. ஹெட்போனில் கேட்டால் ஃபேர்னஸ் இரைச்சல், மேலே குசினியில் யாரோ நடக்கிற சத்தம், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி. இவற்றுக்குள் எங்கேயோ அம்மா.

"இன்னொருக்கா பாடுங்கோ அப்பம்மா."

"நாளைக்குப் பார்ப்பம் ராசா."

அந்த நாளை வர ஆறு கிழமை ஆனது. இடையில் நெஞ்சுச்சளியோடு ஆஸ்பத்திரியில் இருந்தா. நான் இரவிரவாக மைக்குகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும். நல்ல அறையில் அது வரம், எங்கள் பேஸ்மென்ற்றில் சாபம். சாதாரண வீட்டுக்கு ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் பாதுகாப்பானது. 1966இலிருந்து மேடைகளில் பாவிக்கிற மைக் அது. முன்னால் இருப்பதை எடுக்கும், பின்னால் வரும் சத்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். கண்டென்சருக்குத் தேவைப்படும் 48 வோல்ட் மின்சாரமும் இதற்கு வேண்டாம். ஆனால் மெல்லிய குரல் என்றால் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைக்க வேண்டும்.

மைக்கைக் கொம்பியூட்டரோடு இணைக்கிற பெட்டிதான் ஆடியோ இன்ரர்ஃபேஸ். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மாதிரி எதுவென்றாலும், இரண்டு மைக் பூட்டக்கூடியதாகப் பாருங்கள். மலிவு என்று ஒன்றோடு நின்றால் மிருதங்கம் பதியும்போது கவலைப்படுவீர்கள்: வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக். வாய்ப்பாட்டும் வயலினும் சேர்ந்தாலும் அதே கதைதான்.

ஸ்பீக்கருக்கு இப்போது அவசரமில்லை. காதை முழுதாக மூடுகிற ஹெட்போன் ஒன்று போதும். சுருதியை அதற்குள்ளேயே கேட்டுப் பாடட்டும். தம்புரா ஆப்பை ஃபோனில் சத்தமாக விட்டால் அதுவும் குரலோடு பதிந்துவிடும், பிறகு சுத்தமாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மென்பொருளுக்கு, ஆப்பிள் கொம்பியூட்டரில் கராஜ்பாண்ட் இலவசம். விண்டோஸ் என்றால் ரீப்பரை 60 நாள் பரீட்சித்துவிட்டு வாங்கலாம். பீற் போட 25 கட்டை மிடி கீபோர்ட் தாராளம். (அதில் கமகம் வாசிக்க வெளிக்கிடாதீர்கள், பாட்டு ரீச்சர் மன்னிக்க மாட்டா.)

எல்லாமாக எங்களுக்கு 500 கனேடிய டொலருக்குச் சற்று மேல் போனது. கண்டென்சரைத் திருப்பிக் கொடுக்கிற தவணை தாண்டிவிட்டது, அது வேறு கணக்கு.

இதில் ஒரு சதமும் செலவில்லாத சாமான் எங்கள் உடுப்பு அலமாரி. ஆள் நடந்து போகிற அளவு பெரியது. வின்ரர் கோட்டும் சீலையுமாகத் தொங்கினால் எதிரொலி அடங்கிவிடுகிறது. ஃபேர்னஸைப் பத்து நிமிடம் நிறுத்தினால் வீடு உறைந்துவிடாது.

ஆஸ்பத்திரியால் வந்த இரண்டாம் கிழமை அம்மாவை அதற்குள் கதிரை போட்டு இருத்தினோம்.

"இதென்ன, சீலைக்கடையோ?" என்றா.

பாடினா. மூன்றாவது வரியில் இருமல். மகன் அதை வெட்டவில்லை. "இருக்கட்டும் அப்பா" என்றான். பதிந்ததை அன்றைக்கே இரண்டு இடத்தில் சேமித்தோம்.

வாற சனிக்கிழமை ஊஞ்சல் பாட்டு ஒன்று பாடுவதாக அவவே சொல்லியிருக்கிறா. ஃபேர்னஸை முதலே நிறுத்தி வைக்கட்டாம்.