முயலுக்கு வைக்கோல் படுக்கை, புல்லே சாப்பாடு

வடகொல்கத்தாவில் பாக்பஜாரை ஒட்டி, சர்க்குலர் கால்வாயின் ஓரமாக அமைந்திருப்பது காலிஃப் தெரு. ஒருகாலத்தில் டிராம் முனையமாக விளங்கிய இத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் செல்லப் பிராணிச் சந்தை நகரம் முழுவதும் பிரசித்தம். வண்ண மீன், புறா, பூச்செடி என்று வேடிக்கை பார்க்கக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகும் குடும்பஸ்தர்கள் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். கூடையில் ஒண்டிக்கொண்டு மூக்கை அசைக்கும் வெள்ளை முயல்குட்டியைப் பார்த்துவிட்டால் குழந்தைகள் நகர மாட்டார்கள். நாயைப்போல் குரைக்காது, மாடிக் குடித்தனத்தில் வீட்டுக்காரர் ஆட்சேபிக்க மாட்டார், செலவும் அதிகமிராது என்று கணக்குப் போட்டு அப்பாவும் இணங்கிவிடுகிறார்.

அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் நாள் பாலில் நனைத்த ரொட்டி, மறுநாள் இட்லித் துண்டும் பிஸ்கட்டும், அப்புறம் காரட். யாரோ ஒருவர், "முயலுக்கு வைக்கோல் போட வேண்டும்" என்று சொல்ல, எங்கிருந்தோ ஒரு கட்டு நெல் வைக்கோலும் வந்து சேருகிறது. முயல் அதைக் கொறிக்கிறது; வீட்டாருக்குத் திருப்தி. சில வாரங்களில் அது சுருண்டு படுக்கிறது; சாப்பிட மறுக்கிறது; ஒருநாள் காலையில் விறைத்துக் கிடக்கிறது. "நமக்கு முயல் ராசியில்லை" என்று பேச்சு முடிகிறது. பல வீடுகளில் குற்றவாளி ராசி அல்ல, தீவனமே.

இரண்டுக்கும் ஒரே பெயர்

குழப்பத்தின் வேர் பேச்சிலேயே இருக்கிறது. கதிர் முற்றி, நெல்லை அடித்து எடுத்த பிறகு மிஞ்சும் தாள் வைக்கோல். பூத்து விதை பிடிக்கும் முன்பே புல்லை அறுத்து, பச்சை நிறமும் வாசனையும் போகாமல் காயவைத்தால் அது உலர்புல். முன்னது சத்தெல்லாம் தானியத்துக்குப் போய்விட்ட சக்கை. பின்னது சத்து உள்ளே நிற்கும்போதே பதப்படுத்திய தீவனம். குளிர் நாடுகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, தனித்தனி விலையும் உண்டு. நம் கிராமங்களிலோ போர் போட்டு வைத்திருப்பது வைக்கோல் ஒன்றுதான். ஆகவே காய்ந்து மஞ்சளாக இருப்பதெல்லாம் நமக்கு வைக்கோல்.

இதற்குக் காரணமும் உண்டு. நம் நாட்டில் புல் செழிப்பது மழைக்காலத்தில். அந்த நாட்களில் அறுத்த புல்லைக் காயவைக்க வெயில் கிடையாது. வெயில் வரும்போது புல் முற்றிக் கோரையாகிவிடும். உலர்புல் போடும் வழக்கம் தென்னாட்டிலும் வங்காளத்திலும் வேரூன்றாததில் வியப்பில்லை. நெல் நிறைய விளையும் இடத்தில் வைக்கோலும் நிறையக் கிடைக்கும்போது யாருக்கு அந்தக் கவலை? மாடும் அதைத் தின்று அசைபோட்டு ஜீரணித்துவிடுகிறது. முயலுக்கு அசைபோடும் வயிறு கிடையாது.

வங்காளிகள் வைக்கோலைப் பொதுவாக 'கொர்' என்றும், ஒழுங்காகக் கட்டிய நீளத் தாளைப் 'பிச்சாலி' என்றும் சொல்கிறார்கள். முயலுக்குப் பெயர் 'கொர்கோஷ்'. பெயரிலேயே 'கொர்' இருப்பதால் அதுதான் அதன் உணவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். கழுதைக் காதுடையது என்று பொருள். கடையில் 'கொர்' கேட்டால் வைக்கோல்தான் கொடுப்பார்கள். கேட்க வேண்டியது 'ஷுக்னோ காஷ்', அதாவது காய்ந்த புல்.

பொண், காஹன் கணக்கு

கொல்கத்தாவுக்கும் வைக்கோலுக்கும் உள்ள உறவு பழையது. நகரின் கால்வாய்கள் வழியே சுந்தரவனப் பக்கத்திலிருந்து நெல்லும் விறகும் வைக்கோலும் படகுகளில் வந்திறங்கிய காலம் உண்டு. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் அமைந்துள்ள கார்டன் ரீச்சுக்கு அருகில், மெட்டியாபுரூஸில் ஒரு படித்துறைக்குப் பெயரே 'பிச்சாலி காட்', வைக்கோல் துறை. பட்டமிழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-ஆம் ஆண்டில் இங்கேதான் கரையிறங்கினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1887-இல் காலமாகும் வரை மெட்டியாபுரூஸில் வாழ்ந்த அவர், அங்கே பெரியதொரு மிருகக் காட்சிசாலையே வைத்திருந்தார்.

வைக்கோலை எண்ணுவதற்கு வங்காளிகளிடம் தனிக் கணக்கு உண்டு. நாலு கட்டு ஒரு கண்டா; இருபது கண்டா, அதாவது 80 கட்டு, ஒரு பொண்; பதினாறு பொண், அதாவது 1,280 கட்டு, ஒரு காஹன். மாடு வைத்திருந்தவர்கள் காஹன் கணக்கில் வாங்கினார்கள். மாட்டுத் தொழுவங்கள் நகரை விட்டு வெளியேற்றப்பட்டுவிட்ட பிறகு, நகருக்குள் வைக்கோல் அதிகம் கண்ணில் படும் இடம் குமார்துலி. ரத யாத்திரை நாளில் சட்டத்துக்குப் பூஜை போட்டு, மூங்கிலில் வைக்கோலைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் களிமண் பூசித்தான் துர்க்கையின் உருவம் எழுகிறது. அங்கே சிதறிக் கிடக்கும் தாள்களை முயலுக்காகப் பொறுக்கி வருவது கூடாது. களிமண், வர்ணம், ஈரம் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும்.

பல்லும் வயிறும்

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் வளர்கின்றன. நாளெல்லாம் நார்ப்பொருளை அரைத்தால்தான் அவை தேயும். ரொட்டியும் பிஸ்கட்டும் தின்னும் முயலுக்குக் கடைவாய்ப் பல் ஓரத்தில் முள் போல் நீண்டு, நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். பசி இருந்தும் வாய் வலியால் அது உணவைத் தொடாது.

வயிற்றின் கதையும் இதே போன்றதுதான். குடல் நகர்ந்துகொண்டே இருக்க நார் வேண்டும். மாவுப் பண்டம் மிகுந்தால் குடலில் கெட்ட கிருமிகள் பெருகி வாயு அடைக்கும். வாந்தி எடுக்கவும் முயலால் முடியாது. இரவிலும் விடியலிலும் அது மிருதுவான ஒருவகைப் புழுக்கையை வாயாலேயே எடுத்து விழுங்குவதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது நோயல்ல, உணவின் சத்தை இரண்டாம் முறை பெறுவதற்கு இயற்கை வகுத்த வழி.

நெல் வைக்கோலில் நார் உண்டு. ஆனால் புரதம் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குதான். மணல் சத்தாகிய சிலிகா அதிகம். படுக்கையாகப் போட்ட வைக்கோலில் நாலு தாளைக் கொறித்தால் கெடுதல் இல்லை. அதையே சாப்பாடாக நம்பினால், வயிறு நிறைந்த பட்டினிதான்.

எதை வாங்குவது?

செல்லப் பிராணிக் கடைகளில் பொட்டலமாக விற்கும் 'திமோத்தி' புல் குளிர்ப் பிரதேசத்துப் பயிர். வளர்ந்த முயலுக்கு அது உத்தமம். விலைதான் கையைக் கடிக்கும். புல் இலேசான சரக்கு. எடை குறைவு, அடைக்கும் இடமோ அதிகம். அதை ஏற்றி வரும் கூலியும் விலையில் ஏறிவிடும் என்பது சரக்கு ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொட்டலத்தின் பருமனைப் பார்க்காமல், எடையைப் பார்த்துக் கிலோவுக்கு என்ன விலை என்று கணக்கிட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். காய்ந்த ஓட்ஸ் பயிரும் நல்லதே.

குதிரைமசால் என்று நம் பக்கத்தில் வழங்கும் பயிரின் உலர்ந்த தழை வளரும் குட்டிக்கு ஏற்றது. ஆறேழு மாதம் கடந்த முயலுக்கு அதையே தினமும் போட்டால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மூத்திரப்பையில் கல்லாகத் திரளக்கூடும்.

இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் வரை உலர்புல் செல்லும். மாதத்துக்கு இரண்டு, மூன்று கிலோ. வாங்கும்போது ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். பச்சை நிறமும் இனிய வாசனையும் இருந்தால் நல்ல சரக்கு. பூசண வாடை, கறுப்புப் புள்ளி, உதறினால் எழும் தூசி ஆகியவை தென்பட்டால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படுக்கைக்கான வைக்கோலை வாங்க நல்ல காலம் கார்த்திகை, மார்கழி. ஆமன் நெல் அறுவடையாகிப் புதுத் தாள் வரும் நேரம் அது. காற்றிலும் ஈரம் குறைவு. கோடை அறுவடைத் தாள் திடீர் மழைப் புயலில் நனைந்து பூத்துப்போவது உண்டு.

அறுகம்புல் இருக்கிறதே

விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல் முயலுக்கும் நல்ல உணவு. வங்காளிகள் அதைத் 'துர்பா' என்கிறார்கள். ஹௌரா பாலத்தடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தையிலும், பூஜைச் சாமான் விற்கும் இடங்களிலும் கிடைக்கும். தினசரிக்குச் சிறு கட்டுகளாக வாங்குவது கட்டுப்படியாகாது. தெரிந்த வீட்டுத் தோட்டத்திலோ காலனி மைதானத்திலோ சுத்தமான இடம் பார்த்து அறுத்துக்கொள்ளலாம். நாய்கள் அசுத்தம் செய்யும் இடம், வண்டிப் புகை படியும் சாலையோரம், மருந்து தெளித்த புல்வெளி ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

அலசி நீரை வடியவிட்டு, மொட்டை மாடியில் துணி விரித்து மெல்லிய படலமாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை புரட்டிவிட வேண்டும். கடும் வெயிலைவிடக் காற்றோட்டமான நிழல் மேல். பத்துக் கிலோ பச்சைப் புல் காய்ந்தால் இரண்டு, இரண்டரைக் கிலோதான் தேறும். முறுக்கினால் ஈரம் கசியாமல், மொறமொறவென்று ஒடியாமல் இருப்பதே சரியான பதம். பாலிதீன் பையில் கட்டி வைத்தால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும்; கோணிப் பையில் போட்டுப் பலகைமேல் வைக்க வேண்டும். அடுப்பங்கரை அருகே வைக்கலாகாது. ஆனி முதல் புரட்டாசி வரை உலர்த்துவது நடவாத காரியம். அப்போது பச்சைப் புல்லையே ஈரம் போகத் துடைத்துப் போடலாம். எந்தப் புதுத் தீவனத்தையும் ஒரு வாரம், பத்து நாள் கொண்டு சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

பன்னிரண்டு மணி நேரம்

முயல் குளிர் விரும்பும் பிராணி. தமிழ்நாட்டில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் முயல் வளர்ப்பது கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கொல்கத்தாவின் சித்திரைப் புழுக்கத்தில் அதற்கு நிழலும் காற்றும் குளிர்ந்த நீரும் இன்றியமையாதவை.

பன்னிரண்டு மணி நேரம் முயல் ஒன்றும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடுவது ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். 1893-இல் வங்காளக் கால்நடைக் கல்லூரியாகத் தொடங்கிய பெல்காச்சியா வளாகம் இன்று மேற்கு வங்கக் கால்நடை, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. காலிஃப் தெருவிலிருந்து அதிக தூரமில்லை.

ஞாயிற்றுச் சந்தைக்குப் புறப்படும் பெற்றோர் ஒன்று செய்யலாம். முதலில் ஒரு மாதத்துக்கான புல்லுக்கு ஏற்பாடு செய்துகொள்ளட்டும். அதற்கு வழி பிறந்த பிறகு முயலை வாங்கட்டும். குழந்தை ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆசையாய் வளர்த்த ஜீவன் கண்ணெதிரே மடிவதைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.