கடல் தாண்டும் படிப்பு – 6: சில ஆயிரத்துக்கும் ஒரு கோடிக்கும் நடுவே

பொறியியல் மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போகிறவர்களைப் போன வாரம் வரை பார்த்தோம். அவர்களுக்கு அந்த நாடுகளின் மேலேயே ஓர் ஆசை உண்டு. மருத்துவம் படிக்க ஜார்ஜியாவுக்கும் கிர்கிஸ்தானுக்கும் போகும் பிள்ளைகள் அப்படியில்லை. கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே பலருக்கு பிளஸ் டூ முடித்த பிறகுதான் தெரியும். படித்ததும் ஊர் திரும்பி கிளினிக் வைப்பதுதான் திட்டம். இதைப் போய் 'வெளிநாட்டு மோகம்' என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள்.

2024-ல் நீட் எழுதியவர்கள் சுமார் 23 லட்சம் பேர். அவர்களில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'தகுதி' பெற்றார்கள். பொதுப் பிரிவில் 720-க்கு 162 எடுத்தாலே தகுதி! நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம்; அதிலும் ஏறக்குறைய பாதி தனியார் வசம்.

தமிழக அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது 20 லட்சத்தைத் தாண்டும். படிப்பு முடிவதற்குள் ஒரு கோடி கரைந்துவிடும். நடுவில் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. ஆனால் குறைவு, அதற்கும் நல்ல மார்க் வேண்டும். 400 மார்க் எடுத்த ஒரு வாத்தியார் வீட்டுப் பெண் எங்கே போவாள்? வெளிநாட்டில் ஆறு வருடத்துக்கும் சேர்த்து 25, 30 லட்சம் என்று ஏஜென்ட் சொல்லும்போது அவள் அப்பாவுக்கு அது மலிவாகத்தான் தெரியும். நிலத்தை விற்றாவது அவர் புரட்டக்கூடிய தொகை அது ஒன்றுதான். வெளிநாட்டில் படிக்கவும் நீட் தகுதி கட்டாயம் என்பது 2018 முதல் உள்ள விதி. உள்ளூரில் செல்லாத அந்த 'தகுதி' விமானம் ஏறுவதற்கு மட்டும் செல்லும். இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லையா?

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது சுமார் 18,000 இந்திய மாணவர்கள் அங்கே இருந்தார்கள். கார்கீவில் மளிகைச் சாமான் வாங்கப் போன கர்நாடக மாணவர் ஒருவர் பலியானார். அதைப் பார்த்தும் பெற்றோர் பின்வாங்கவில்லை; நாட்டை மட்டும் மாற்றினார்கள். உக்ரைனிலிருந்து திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

போவதற்கான காரணம் நியாயமானது. திரும்பி வரும் வழிதான் குறுகல். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 எடுத்தாக வேண்டும். 2024 ஜூன் தேர்வில் தேறியவர்கள் சுமார் 21 சதவீதம். மற்றவர்கள் கோச்சிங் சென்டரில் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறார்கள். அங்கே எம்.டி. என்று பட்டம் வாங்கியும் இங்கே ஊசி போட முடியாத நிலை. ஏஜென்ட்டின் பேக்கேஜில் இந்த வருடங்களுக்கு விலை போட்டிருக்காது.

விதிகளும் நடுவில் மாறும். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் சொன்னபோது, முதலில் பி.எஸ்., பிறகு நான்கு வருட எம்.டி. என்று படிக்க பிலிப்பைன்ஸ் போக இருந்தவர்கள் திண்டாடிப்போனார்கள்; பி.எஸ். கணக்கில் வராது, நான்கு வருடம் என்பது 48 மாதம்தான்.

அட்வான்ஸ் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். படிப்பு 54 மாதம் உண்டா? பாடம் முழுக்க ஆங்கிலத்திலா? அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க முடியுமா? அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்ய இந்தப் பட்டம் செல்லுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தைதான் கிடைக்கும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.