வீட்டு வாசலில் கியர்பாக்ஸ் இறக்கலாமா?

மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனால் பழைய வண்டிகளைப் பாசத்தோடு ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொந்தமாக ஸ்பானர் பிடிக்கிறவர்களும் அவர்களில் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறது, வண்டி மட்டும் வேகமெடுக்கவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்க வேண்டும். பிளேட் இருப்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே. கியர்பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரில் சாவி போடாதபோதும் மின்சாரம் இருக்கும். ஸ்பானர் பாடியில் உரசினாலே தீப்பொறி பறக்கும். முன்சக்கரத்தின் ஹப் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திக்கொள்வது நல்லது. தூக்கிய பிறகு சக்கரம் சேர்ந்து சுழலும். கியர் ஆயிலை வடித்த பிறகே டிரைவ் ஷாஃப்டை உருவ வேண்டும்.

அம்பாசடரில் இன்ஜின் நீளவாக்கில் இருப்பதால் கியர்பாக்ஸ் பின்பக்கமாக நழுவி வரும். 800-இல் இன்ஜின் குறுக்கே கிடக்கிறது. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள். அதைப் பக்கவாட்டில் விலக்கித்தான் கீழே இறக்க முடியும். மவுண்டிங்கைக் கழற்றியதும் இன்ஜின் கியர்பாக்ஸ் பக்கம் சாயும் என்பதால், முன்கூட்டியே அடியில் மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கி கொடுத்துவிடுவார்கள்.

பழைய பிளேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அவற்றின் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

உண்மையான சோதனை மறுபடி ஏற்றும்போதுதான். பிளேட்டின் நடுத்துளையில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டிலும் அதே அளவில் பற்கள். ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே பிளேட்டை வைத்து போல்ட்டை இறுக்கிவிட்டால் அது அசையாது. மையம் ஓரிரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் ஷாஃப்ட் முழுதாக உள்ளே போகாது. இதற்காகவே மையம் பார்க்கும் டம்மி ஷாஃப்ட் இருக்கிறது. பழைய இன்புட் ஷாஃப்டையே அதற்கென எடுத்துவைத்திருக்கும் மெக்கானிக்குகளும் உண்டு. பிளேட்டை முன்பின் மாற்றிப் போட்டால் கிளட்ச் விடாது. மொத்த வேலையையும் மறுபடி செய்ய நேரும்.

கடைசியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி மிச்சமிருக்கும். போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். செய்யக் கூடாது. அலுமினியக் கூட்டின் காது விரிசல் விடும். கியர்பாக்ஸின் எடை ஷாஃப்டில் தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், பிறகு ஒவ்வொரு கியரும் கரகரக்கும். ஒருவர் கியர்பாக்ஸை மட்டமாகத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டு இன்ஜினை மெல்லச் சுழற்ற வேண்டும். பற்கள் நேருக்கு நேர் வந்ததும் பாரம் சட்டென்று உள்ளே நழுவி, டவல் பின்களில் உட்காரும். போல்ட்டுக்கு அதன் பிறகே வேலை.

மாருதி 800-இன் எடை ஏறக்குறைய 650 கிலோ. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்க மட்டுமே, தாங்கி நிற்பதற்கல்ல. சமமான சிமெண்ட் தரையும் உறுதியான ஆக்சில் ஸ்டாண்டுகளும் இல்லாவிட்டால், தயவுசெய்து வண்டிக்கு அடியில் போகாதீர்கள், பட்டறைக்கே கொண்டுபோய்விடுங்கள்.